கூடத்துத் தொலைக்காட்சியில் கணினி விளையாட்டு: வரைகலை அட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணினி விளையாட்டு என்றாலே, அறையின் மூலையில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு சிறு திரை, இரண்டடி தொலைவில் அமர்ந்து அதனைக் கூர்ந்து நோக்கும் ஓர் இளைஞன் என்னும் காட்சியே பலர் மனத்தில் எழும். அந்நிலை மாறி வருகிறது. கூடத்தில் உள்ள பெரிய தொலைக்காட்சியோடு கணினியை இணைத்து, சாய்விருக்கையில் குடும்பத்தார் கூடியமர்ந்து, கையடக்கமான விசைக்கருவியைக் கொண்டு ஆடும் வழக்கம் பல இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. 2012ஆம் ஆண்டின் இறுதியில் வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் விளையாட்டுத் தளத்திற்கு, எட்டடி தொலைவிலிருந்தும் எழுத்துகளைப் படிக்கத்தக்க 'பிக் பிக்சர்' என்னும் பெருந்திரை முகப்பை அமைத்தது இவ்வழக்கத்திற்கு ஒரு தூண்டுகோல் எனலாம்.

இதனைத் தொடங்க விரும்புவோர் முதலில் எழுப்பும் கேள்வி, "எந்த வரைகலை அட்டையை வாங்குவது?" என்பதாகும். கடைகளில் 'கிராஃபிக்ஸ் கார்டு' என்று வழங்கும் இவ்வட்டையே விளையாட்டுக் கணினியின் உறுப்புகளுள் பெரும்பாலும் விலை மிக்கது. 2025 ஜனவரியில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 5090 அட்டைக்கு அமெரிக்காவில் குறிக்கப்பட்ட தொடக்க விலை 1,999 டாலர். அதே ஆண்டு ஜூனில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. அட்டையின் 16 கிகாபைட் வகைக்குக் குறிக்கப்பட்டது 349 டாலர். இவ்விரு விலைகளுக்கும் இடையே ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அடங்கிக் கிடக்கிறது. சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்திலோ கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலோ நுழைந்து, "இருப்பதில் சிறந்தது எது?" என்று கேட்பவர்க்கு விலை மிக்கதை எடுத்துக் காட்டுவது வாணிக இயல்பு. தொலைக்காட்சிக்கென்று வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. வீட்டிலுள்ள திரை எத்தகையது, இருக்கை அதிலிருந்து எவ்வளவு தொலைவு, இரண்டையும் இணைக்கும் வாயில் யாது என்பவற்றை அறிந்த பின்னரே அட்டையின் பெயரைக் கேட்பது முறையாகும். இவற்றை அறியாது வாங்கிய அட்டை, தன் திறனில் பாதி உறங்கிக் கிடக்க, மின்சாரத்தை மட்டும் உண்டு கொண்டிருக்கும்.

வரைகலை அட்டையின் தொழில், விளையாட்டின் ஒவ்வொரு கணத்திற்கும் ஒரு படத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வரைதல். 'பிக்சல்' எனப்படும் இப்படப்புள்ளிகளின் எண்ணிக்கையே வேலையின் அளவைப் பெரிதும் முடிவு செய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாக இருந்த முழு எச்.டி. திரையில் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 ஆக மொத்தம் 2,073,600 புள்ளிகள். இன்று கடைகளில் விற்கும் பெரிய தொலைக்காட்சிகளில் மிகப் பலவும் 4கே வகையின. அவற்றில் 3,840க்கு 2,160 ஆக 8,294,400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில், அட்டை ஒரு வினாடியில் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் கண்டாக வேண்டும். ஒரு படத்திற்குக் கிடைக்கும் கால அளவோ 16.7 மில்லிவினாடி மட்டுமே. இக்கணக்கைக் கேட்ட மாத்திரத்தில், "4கே தொலைக்காட்சி என்றால் மிகப் பெரிய அட்டை வேண்டும்" என்று முடிவு கட்டுவோர் பலர். அம்முடிவு பாதி உண்மையே. மறுபாதியைச் சொல்ல வேண்டியது கண்.

கண்ணின் எல்லை

மருத்துவ மனைகளில் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை யாவரும் கண்டிருப்பர். 1862இல் ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்தது அது. அதன் அடிப்படை எளியது: ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கை, வானநூலார் 'கலை' என்று சொல்லும் அச்சிறு கோணத்தைப் பிரித்தறியும் கண் இயல்பான கண். அதனினும் நுண்ணிய இரு புள்ளிகள் அக்கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும்.

இவ்வளவையைத் தொலைக்காட்சிக்குப் பொருத்திப் பார்த்தால் விளங்கும் செய்தி பலருக்கு வியப்பளிக்கும். 55 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். 4கே திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.32 மில்லிமீட்டர். அப்புள்ளியைத் தனியே பிரித்தறிய, இயல்பான கண் 1.1 மீட்டர் தொலைவுக்குள் இருத்தல் வேண்டும். அதே 55 அங்குலத்தில் முழு எச்.டி. படத்தின் புள்ளி 0.63 மில்லிமீட்டர், அதன் எல்லை 2.2 மீட்டர். இரண்டிற்கும் நடுவில், 2,560க்கு 1,440 என்னும் அளவில் வரைந்த படத்திற்கு எல்லை 1.6 மீட்டர். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் கூடம் ஒன்றில் தொலைக்காட்சி ஒரு சுவரிலும் சாய்விருக்கை எதிர்ச்சுவரிலும் இருந்தால், கண்ணுக்கும் திரைக்கும் இடையே எட்டடி, அதாவது 2.4 மீட்டர் இருப்பது இயல்பு. அத்தொலைவில் 1,440 வரிப் படத்திற்கும் 2,160 வரிப் படத்திற்கும் உள்ள வேற்றுமையைக் கண் பெரும்பாலும் உணராது. ஆனால் அட்டை செய்யும் வேலையிலோ வேற்றுமை மிகப் பெரிது: முன்னதில் 3,686,400 புள்ளிகள், பின்னதில் 8,294,400. அதாவது, கண் காணாத நுட்பத்திற்காக அட்டை இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கிறது. அவ்வுழைப்பிற்கு விலை கொடுப்பவர் வாங்குபவர்.

இதில் ஒரு தடை எழுப்பலாம். இளம் வயதினர் பலருடைய கண் ஸ்னெல்லன் அளவினும் கூர்மை மிக்கது. அன்றியும் விளையாட்டின் படம் ஓவியம் போல் அசையாது நிற்பதில்லை. மின்கம்பி, வேலி, இலை போன்ற மெல்லிய பொருள்களின் விளிம்புகள் புள்ளிகளுக்கிடையே தாவித் தாவி மின்னும். அம்மின்னலைத் தொலைவிலிருந்தும் கண் பிடித்துவிடும். இத்தடை நியாயமானதே. அதற்கு விடையாக வந்தவையே படப்பெருக்க முறைகள். அட்டை சிறிய படம் ஒன்றை வரைந்து, முந்தைய படங்களில் கண்ட விவரங்களையும் துணைக்கொண்டு அதனைப் பெரிதாக்கி, விளிம்புகளையும் செம்மைப்படுத்துகிறது. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். முறை 2018இல் அறிமுகமாகி, 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நன்மதிப்பைப் பெற்றது. ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர். 2021இல் தோன்றியது, 2025இல் ஆர்.எக்ஸ். 9000 வரிசையோடு வந்த அதன் நான்காம் பதிப்பு, முந்தையவற்றினும் தெளிவு மிக்கது. 4கே தொலைக்காட்சியில் 'குவாலிட்டி' என்னும் நிலையைத் தெரிந்தால் அட்டை வரைவது 1,440 வரிப் படம். 'பெர்ஃபார்மன்ஸ்' என்னும் நிலையில் 1,080 வரிப் படம். மேசைத் திரையில் இவற்றின் குறைகளை நுணுகிக் காண்போர் உண்டு. சாய்விருக்கையிலிருந்து காண்பது அரிது. எனவே, மேசை விளையாட்டில் சமரசமாகக் கருதப்படும் ஒன்று கூடத்தில் இயல்பான முறையாகி விடுகிறது. 65 அங்குலத் திரையை ஆறடியிலிருந்து பார்ப்பவர்க்கு இது சற்றே குறைவாகப் பொருந்தும் என்பதையும் மறத்தல் ஆகாது.

வேகமும் வாயிலும்

தொலைக்காட்சியின் அடுத்த இயல்பு, அது வினாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றிக் காட்டும் என்பது. விலை மலிந்தவை 60 முறை. விலை மிக்கவை 120 முறையும் அதற்கு மேலும். விளம்பரத்தில் காணும் பெரிய எண்களை நம்பாது, கையேட்டில் 'ஹெர்ட்ஸ்' என்று குறித்திருக்கும் உள்ளீட்டு அளவைக் காணல் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சியில், வினாடிக்கு 140 படங்கள் வரையவல்ல அட்டையை இணைத்தாலும் கண் காண்பது 60 படங்களே.

இவ்விடத்தில், அண்மைக் காலத்தில் பெரிதும் விளம்பரம் செய்யப்படும் 'படம் இடைச்செருகும்' முறை பற்றி ஒரு சொல். 2022இல் என்விடியா கொண்டுவந்த இம்முறையில், அட்டை உண்மையாக வரைந்த இரு படங்களுக்கு நடுவே ஊகித்து அமைத்த படம் ஒன்று நுழைக்கப்படுகிறது. 2025இல் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை வந்தபோதோ ஒரு படத்திற்கு மூன்று படங்கள் வரை நுழைக்கும் வசதி அதில் இடம்பெற்றது. எண்ணிக்கை கூடுமேயன்றி, ஆடுபவரின் விரலுக்குத் திரை விடைதரும் நேரம் குறைவதில்லை; சிறிது கூடவும் செய்யும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 60 படங்களை இவ்வாறு எட்டுவதெனில் உண்மையாக வரையப்படுபவை 30. மூன்று படங்களை நுழைத்தால் 15 மட்டுமே. பார்ப்பதற்கு ஓட்டம், ஆடுவதற்கு மந்தம். ஆகவே அத்தகைய தொலைக்காட்சி உடையவர், "நான்கு மடங்கு படங்கள்" என்னும் விளம்பரத்திற்காக ஒரு வெள்ளியும் கூடுதலாகக் கொடுக்க வேண்டுவதில்லை.

இதற்கு மாறாக, உண்மையிலேயே பணத்தை மிச்சப்படுத்தும் வசதி ஒன்று உண்டு. அது வி.ஆர்.ஆர். எனப்படும் மாறும் புதுப்பிப்பு வீதம். பழைய முறையில் திரை தன் கதியில் ஓட, அட்டை அதன் காலடிக்கு ஏற்ப நடக்க வேண்டும். ஒரு படம் 16.7 மில்லிவினாடிக்குள் ஆயத்தமாகாவிடில் முந்தைய படமே மறுமுறை தோன்றி, ஓட்டம் தடுக்கும். வி.ஆர்.ஆர். உள்ள தொலைக்காட்சி, படம் வரும் வரை காத்திருந்து காட்டும். அதன் எல்லை பெரும்பாலும் 40 அல்லது 48 ஹெர்ட்ஸில் தொடங்கும். இத்தகைய திரையில், 50க்கும் 60க்கும் இடையே ஊசலாடும் நடுத்தர அட்டையும் தடுமாற்றமின்றி ஓடும். அட்டைக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குவோர், அட்டையில் ஒரு படி இறங்கி, அப்பணத்தால் வி.ஆர்.ஆர். உள்ள 120 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சியை வாங்குதலே அறிவுடைமை.

இனி வாயில். மேசைத் திரைகளில் 'டிஸ்பிளே போர்ட்' என்னும் இணைப்பு வழக்கமானது. தொலைக்காட்சிகளில் காண்பதோ எச்.டி.எம்.ஐ. ஒன்றே. 2013இல் வெளியான அதன் 2.0 பதிப்பு வினாடிக்கு 18 கிகாபிட் சுமக்கும். 2017இல் வெளியான 2.1 பதிப்பு 48 வரை சுமக்கும். 4கே படத்தை 120 வீதத்தில், ஒவ்வொரு நிறத்திற்கும் 10 பிட் அளவில் அனுப்ப, படத்திற்கு மட்டுமே ஏறத்தாழ 30 கிகாபிட் வேண்டும் என்பது எளிய பெருக்கலால் விளங்கும். ஆகவே பழைய வாயிலில் அது நுழையாது. என்விடியாவில் 2020இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 30 வரிசை முதலாகவும், ஏ.எம்.டி.யில் அதே ஆண்டு வந்த ஆர்.எக்ஸ். 6000 வரிசை முதலாகவும் 2.1 வாயில் அமைந்துள்ளது. அதற்கு முந்தைய அட்டைகள், வலிமையில் குறையாவிடினும், 120 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சியின் முழுப்பயனைத் தரமாட்டா. பழைய பொருள் விற்கும் இடத்தில் மலிவாகக் கிடைக்கும் ஆர்.டி.எக்ஸ். 2080 டி.ஐ. போன்ற அட்டையை நாடுவோர் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிக்கு அது இன்றும் போதுமானது.

தொலைக்காட்சியின் பின்புறத்தில் நான்கு வாயில்கள் இருந்தாலும், பலவற்றில் இரண்டே முழு வேகமுடையவை. அவற்றுள்ளும் ஒன்று ஒலிப்பெட்டிக்கு உரியதாக இருப்பதுண்டு. கம்பிவடம் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற சான்று முத்திரை உடையதாக இருத்தல் வேண்டும். மூன்று மீட்டருக்குமேல் நீள்வதெனில் சாதாரணச் செப்பு வடம் தடுமாறும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தில் ஆட எண்ணுவோருக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. ஏ.எம்.டி. தன் திறந்த மூல மென்பொருளில் எச்.டி.எம்.ஐ. 2.1 முறையைச் சேர்க்க முயன்றபோது, அத்தரத்தின் உரிமையைக் காக்கும் எச்.டி.எம்.ஐ. மன்றம் அதனை ஏற்க மறுத்துவிட்டது என்னும் செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. அட்டையில் வாயில் இருந்தும் மென்பொருளில் வழியில்லாத விந்தை நிலை அது. இவ்வாறு ஆட விரும்புவோர், 4கே-யில் 120 வீதம் தம் தொலைக்காட்சியில் கிட்டுமா என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே பணத்தை எடுத்தல் நலம்.

நினைவகம், வெப்பம், ஓசை

மேலே சொன்னவற்றால், நடுத்தர அட்டையே கூடத்திற்குப் போதும் என்பது புலனாகும். ஆனால் ஓர் உறுப்பில் மட்டும் சிக்கனம் கூடாது. அதுவே அட்டையின் நினைவகம். சுவரின் காரை, துணியின் நெசவு, மனித முகத்தின் தோல் ஆகியவற்றின் படங்களை அட்டை தன் நினைவகத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு வரைகிறது. அவ்விடம் போதாவிடில், கணினியின் பொது நினைவகத்திலிருந்து மெதுவாக இழுத்து வருதல் வேண்டும். அக்கணமே ஓட்டம் திக்கும், அல்லது முகங்கள் மங்கிய களிமண் போல் தோன்றும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய விளையாட்டுப் பெட்டிகள் பொதுவாக 16 கிகாபைட் கொண்டவை. பெரிய விளையாட்டுகள் அவற்றை அளவுகோலாக வைத்தே ஆக்கப்படுகின்றன. 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதற்பாகம் 8 கிகாபைட் அட்டைகளைத் திணறச் செய்தது பலர் அறிந்ததே. படப்பெருக்க முறை புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்குமேயன்றி, இந்நினைவகத் தேவையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. படம் இடைச்செருகும் முறையோ அதனைக் கூட்டுகிறது. வேகக் குறைவைத் தந்திரத்தால் மறைக்கலாம். இடக்குறைவை மறைக்க இயலாது.

வாங்குபவரை மயக்கும் செய்தி ஒன்று இங்கே உண்டு. என்விடியா 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. அட்டை, 8 கிகாபைட், 16 கிகாபைட் என இரு வகையாக ஒரே பெயரில் விற்கப்படுகிறது. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. அட்டைக்கும் அதே நிலை. அமெரிக்கத் தொடக்க விலையில் இரு வகைகளுக்கும் வேற்றுமை 50 டாலர்தான். பெட்டியின் மூலையில் அச்சிட்ட எண்ணைப் படிக்காது, "அதே அட்டை, விலை குறைவு" என்று எண்ணி வாங்கியவர், 4கே தொலைக்காட்சியில் இரண்டொரு ஆண்டுகளிலேயே வருந்த நேரும். இவ்விரு அட்டைகளின் 16 கிகாபைட் வகைகள் படப்பெருக்கத்தின் துணையோடு, எட்டடி தொலைவில் உள்ள 60 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிக்கு ஏற்றவை. 120 வீதத்தை நாடுவோர் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி., ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ. என்னும் 16 கிகாபைட் அட்டைகள் வரை செல்லலாம். ஆர்.டி.எக்ஸ். 5070 அட்டை வேகத்தில் நல்லதே. எனினும் அதன் 12 கிகாபைட், 4கே-க்கு இறுக்கமான அளவு.

படிப்பறையில் பொறுத்துக்கொள்ளும் வெப்பமும் இரைச்சலும் கூடத்தில் குடும்பத்தையே வாட்டும். அட்டை உண்ணும் மின்சாரம் முழுதும் இறுதியில் வெப்பமாகவே அறைக்குள் வருகிறது. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. 16 கிகாபைட் வகைக்கு 160 வாட், ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ.க்கு 180, ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி.க்கு 304, ஆர்.டி.எக்ஸ். 5090க்கு 575. பகலில் 31, 32 பாகை வெப்பம் நிலவும் மலேசிய, சிங்கப்பூர் மண்ணில், 575 வாட் அடுப்பு ஒன்றைக் கூடத்தில் மூட்டிவிட்டு, அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனத்திற்கும் மின்கட்டணம் செலுத்துவது இரட்டைச் செலவு. பலர் கணினியைத் தொலைக்காட்சிக்குக் கீழுள்ள மரப்பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடி விடுகின்றனர். உள்ளே சூடான காற்றே சுழன்று கொண்டிருக்க, விசிறிகள் முழு வேகத்தில் அலறும். அட்டையும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியின் பின்பலகையை அகற்றி, கதவைத் திறந்து வைத்தாலே பெரும் மாற்றம் தெரியும். அட்டையின் மின்னுகர்வு எல்லையை மென்பொருள் வழியாக 10 அல்லது 15 விழுக்காடு குறைத்தால், இழக்கும் வேகம் அதனினும் குறைவாக இருக்க, ஓசை நன்கு அடங்கும்.

மின்செருகியும் கவனத்திற்குரியது. 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டைகள் சிலவற்றின் 16 முனைச் செருகி உருகிய செய்திகள் வந்தன. முழுமையாக அழுத்திச் செருகாமை அதற்குப் பெரிய காரணமாகக் கண்டறியப்பட்டது. குறுகிய பெட்டிக்குள் வடத்தை வளைத்து நெருக்கும் கூடத்துக் கணினிக்கு, ஒரே எட்டுமுனைச் செருகியால் இயங்கும் நடுத்தர அட்டை இவ்வகையிலும் கவலையற்றது.

அலுவலகத்தில் ஓய்வு பெற்ற மெல்லிய கணினி ஒன்றை மலிவாக வாங்கித் தொலைக்காட்சியோடு இணைப்போரும் உண்டு. அவற்றில் தனி மின்செருகி இராது. தாய்ப்பலகையின் செருகிடம் தரும் 75 வாட்டே எல்லை. அத்தகையோருக்கு 2024 பிப்ரவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 அட்டையின் 6 கிகாபைட் வகை, 70 வாட்டில், குட்டை உருவிலும் கிடைப்பது. புதிய பெரு விளையாட்டுகளை 4கே-யில் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. பந்தாட்டம், கார்ப் பந்தயம், பிள்ளைகள் கூடி ஆடும் சிறு விளையாட்டுகள், பத்தாண்டுக்கு முந்தைய பெரு விளையாட்டுகள் ஆகியவை 1,080 வரியில் இனிது நடக்கும். எட்டடி தொலைவு மீண்டும் துணை செய்யும்.

அட்டையைக் குறை கூறுமுன் தொலைக்காட்சியின் அமைப்புகளையும் பார்த்தல் வேண்டும். திரைப்படத்திற்கென அமைந்த மெருகூட்டும் வேலைகளால் சில தொலைக்காட்சிகள் படத்தை 100 மில்லிவினாடி வரையும் தாமதிக்கும். 'கேம் மோட்' என்பதை இயக்கினால் அது புதிய திரைகளில் 10 அளவுக்கு இறங்கும். எந்த அட்டையும் இக்குறையைத் தீர்க்காது. இதற்குச் செலவும் இல்லை. எச்.டி.எம்.ஐ. வாயிலின் விரிந்த வேகம் பல தொலைக்காட்சிகளில் தொடக்கத்தில் அடைக்கப்பட்டே இருக்கும்; அதனை அமைப்புப் பட்டியலில் திறந்துவிட வேண்டும். எழுத்துகள் நிறம் கசிந்து மங்கலாகத் தோன்றினால், அவ்வாயிலுக்குக் 'கணினி' என்று பெயரிட்டாலே பல திரைகளில் சீராகும். எல்லாம் செய்தும் விளையாட்டு நத்தை போல் நகர்ந்தால், கணினியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புதிய அட்டையில் செருக வேண்டிய வடம், பழைய இடத்திலேயே, தாய்ப்பலகையின் வாயிலில் செருகப்பட்டிருக்கக் கூடும்.